இரண்டு ஹெலிகாப்டருக்கு மட்டும் இடம்: யாழ்ப்பாண மைதானத்தை 1:72-ல் கட்டிப் பார்த்தால்

இது ஒரு ஹெலிகாப்டர் மாடல் கட்டுற எபிசோடு. பசை, ஸ்கேல் கணக்கு, செம்மண் எல்லாம் வரும். பாதி வழியில் அது வரலாறாக மாறிவிடும், அதையும் இப்பவே சொல்லிடறேன்.

டயோரமான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நவராத்திரிக்குக் கொலுப் படிக்குக் கீழே மண்ணைக் கொட்டி, கேழ்வரகை முளைக்க விட்டுப் புல்லாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி ஒரு பார்க் கட்டுவோமே, கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பெயரை உலகத்துக்குக் கொடுத்தவர் பிரான்சின் தாகேர். 1822-ல் பாரிஸில் பெரிய துணி ஓவியங்களின் மேல் வெளிச்சத்தை மாற்றி மாற்றி விட்டு, பகல் இரவாவதைக் காசு வாங்கிக் காட்டினார். பிறகு புகைப்படம் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவரும் அவரேதான்.

ராணுவ ஹெலிகாப்டர் டயோரமா என்று தேடினால் வருவது ரெண்டு மூணு காட்சிதான். வியட்நாம் புல்வெளியில் ஹூயி, ஆப்கன் மலையில் எம்.ஐ-24, மொகாதிஷு தெருவில் விழுந்த பிளாக் ஹாக். மொகாதிஷு 1993 அக்டோபர் 3-ல் நடந்தது, அமெரிக்க வீரர்கள் 18 பேர் இறந்தார்கள். 2001-ல் வந்த படத்தால் அந்த ஊரின் மொட்டை மாடிகள் நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அதற்கு ஆறு வருஷம் முன்னாடி, அதே அக்டோபர் மாதம், தமிழ் பேசும் ஓர் ஊரின் மைதானத்தில் இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் இரவில் இறங்கின. இறங்கியவர்களில் 35 பேர் திரும்பவில்லை. அந்தக் காட்சியை யாருடைய ஷெல்ஃபிலும் நான் பார்த்ததில்லை.

பின்னணியை வேகமாகச் சொல்லிடறேன். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை பலாலியில் இறங்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்தது மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கின் 54-வது காலாட்படை டிவிஷன். மாலை போட்டு வரவேற்ற மக்கள்தான். செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகள் இலங்கைப் படையின் காவலில் சயனைடு கடித்து இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. ஆபரேஷன் பவன் என்பது இந்தியா வைத்த பெயர்.

அதன் ஆரம்ப அடி, அக்டோபர் 11-க்கும் 12-க்கும் இடைப்பட்ட இரவில். புலிகளின் தலைமை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் இருப்பதாகத் தகவல். திட்டம் கேட்கச் சுலபமாக இருக்கும். 10 பாரா கமாண்டோக்களும் 13-வது சீக்கிய இலகு காலாட்படையினரும் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் ஹெலிகாப்டரில் போய் இறங்குவார்கள், தலைவர்களைப் பிடிப்பார்கள், தரைவழியாக வரும் மற்ற படைகள் வந்து சேர்ந்துகொள்ளும். கையில் இருந்தவை நான்கு எம்.ஐ-8.

இப்ப மாடலுக்கு வருவோம். எம்.ஐ-8-இன் முதன்மை ரோட்டரின் குறுக்களவு 21.29 மீட்டர். 1:72-ல் 29.6 செ.மீ., ஒரு பெரிய எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஸ்வெஸ்டா என்ற ரஷ்ய நிறுவனம் எம்.ஐ-8டி-யை இந்த ஸ்கேலில் போட்டிருக்கிறது. வாங்கும்போது ஒரு விஷயம் கவனிங்க: பெட்டியில் எம்.ஐ-17 இருந்தால் வேண்டாம். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆனா வால் ரோட்டர் எம்.ஐ-8-ல் வலப்பக்கம், எம்.ஐ-17-ல் இடப்பக்கம். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் அருகே விழுந்ததே, ஜெனரல் பிபின் ராவத் பயணம் செய்தது, அது இந்தத் தம்பியின் புதிய வகை, எம்.ஐ-17வி5. சூலூரில் இருக்கும் 109-வது ஹெலிகாப்டர் யூனிட்டுக்குச் சொந்தம். 1987-ல் யாழ்ப்பாணத்துக்குப் பறந்ததும் அதே 109-தான்.

அடுத்தது தரை. சராசரிக் கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர். 1:72-ல் 146-க்கு 94 செ.மீ., ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள். கோல் போஸ்ட் 10 செ.மீ. அகலம், மூணரை செ.மீ. கூட உயரம் வராது. மனிதர்கள் இரண்டரை செ.மீ.க்குள்.

அந்த இரவைப் பற்றி இந்தியத் தரப்பில் வந்த விவரிப்புகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: ஒரே நேரத்தில் இரண்டு ஹெலிகாப்டர் மட்டும்தான் இறங்க முடிந்தது. படிக்கும்போது கண் தாண்டிப் போகிற வரி. பலகையை வெட்டி வைத்து, 30 செ.மீ. தட்டுகளை அதன் மேல் அடுக்கிப் பாருங்க. வரிசைக்கு நாலு, மூணு வரிசை, பன்னிரண்டு தட்டு ஜம்முனு உட்காரும். அப்ப ஏன் இரண்டு?

ஏன்னா நாம தட்டை மேலிருந்து கையால் வைக்கிறோம். மாடல் கட்டுறவனுக்கு இருக்கிற பெரிய மாயை இது. நம்ம கை எப்பவும் வானத்திலிருந்து நேராக இறங்கும். சுமை ஏற்றிய ஹெலிகாப்டர் அப்படி வராது, சாய்வாக வரும். ஒரு சோதனை செய்யலாம். பலகையின் ஒரு ஓரத்தில் 15 மீட்டர் மரம் ஒன்றை நடுங்க, அதாவது 21 செ.மீ. குச்சி. அதன் உச்சியில் பூ கட்டுற நூலைக் கட்டி, 10 பாகைச் சரிவில் பலகைக்கு இழுங்க. நூல் பலகையைத் தொடும் இடம் மரத்திலிருந்து 118 செ.மீ. தள்ளி. மொத்தப் பலகையே 146 தான்! ஒரே ஒரு மரம், மைதானத்தின் நீளத்தில் முக்கால்வாசிக்கு மேல் தின்றுவிட்டது. 20 பாகையில் செங்குத்தாக இறங்கினால் 57 செ.மீ. போதும், ஆனால் அப்படி இறங்க வேகத்தைக் குறைக்கணும். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மெதுவாக இறங்கும் ஹெலிகாப்டரை விட வசதியான இலக்கு வேற இல்லை.

காற்றையும் கணக்குல சேர்க்கணும். எம்.ஐ-8 முழுச் சுமையில் 12 டன். அதைத் தூக்கி நிறுத்த, ரோட்டர் தட்டு வழியாக மணிக்கு 40 கி.மீ. சொச்சம் வேகத்தில் காற்றைக் கீழே தள்ளணும், கீழே வர வர அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கோட்பாட்டுக் கணக்குதான், இரண்டாம் வருஷ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் போதும். பக்கத்தில் இறங்கும் இன்னொரு பைலட்டுக்கு அது புயல். இதையெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் செய்தார்கள்.

முழு இருட்டா என்றால், அதுவும் இல்லை. டயோரமாவுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணும்னு தெரிஞ்சாகணுமே, அதனால் நிலாவைப் பார்த்தேன். 1987-ல் தீபாவளி அக்டோபர் 21. அதை ஒட்டித்தான் அமாவாசை. பின்னால் எண்ணினால் பௌர்ணமி அக்டோபர் 7. ஆக 11-ஆம் தேதி இரவு, பௌர்ணமி கழிந்து நாலாவது நாள். முன்னிரவில் இருட்டு, பிறகு கிழக்கே பெரிய தேய்பிறை நிலா எழும். மேகம் இல்லாவிட்டால் விளக்கு அணைத்த ஹெலிகாப்டரின் நிழலுருவம் தரையிலிருந்து தெரியும். சத்தத்தை எந்த விளக்கை அணைத்தும் மறைக்க முடியாது.

கீழே காத்திருந்தவர்களுக்குக் கண் அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது. இந்திய ரேடியோ உரையாடலைப் புலிகள் ஒட்டுக்கேட்டு, வரப்போவதை முன்பே தெரிந்துகொண்டார்கள் என்றே அந்த இரவின் வரலாறு சொல்லப்படுகிறது. பலாலிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேர்கோட்டில் 13 கி.மீ. போல வரும், ஐந்து நிமிஷப் பயணம். நம்ம பலகைக் கணக்கில் பலாலி ஓடுதளம் டேபிளிலிருந்து 180 மீட்டர் தள்ளி, தெருமுனை தாண்டி. அந்த 180 மீட்டரை இரண்டு இரண்டாகப் பறந்து, போட்டுவிட்டுத் திரும்பி, மறுபடி ஏற்றிக்கொண்டு வரணும். ஒரு எம்.ஐ-8-ல் அதிகபட்சம் 24 பேர். ஒரு ஜோடி இறங்கினால் 48. நூறு கமாண்டோக்களுக்கே மூணு ஜோடி, அதற்குப் பிறகுதான் காலாட்படை. ஒவ்வொரு ஜோடியும் போன ஜோடி வந்த அதே இடத்துக்கு வருகிறது. சர்வர் பாஷையில் சொன்னால், ஒரே போர்ட், க்யூ முழுக்க அதிலேயே, எதிராளி அந்தப் போர்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

கமாண்டோக்கள் சுமார் நூறு பேர் இறங்கினார்கள். சீக்கியப் படைப்பிரிவில் மேஜர் பீரேந்திர சிங் தலைமையில் 30 பேர் வரை இறங்கினார்கள். அதற்குள் ஹெலிகாப்டர்கள் குண்டு பட்டுச் சேதமாகிவிட, மேற்கொண்டு அனுப்புவது நின்றது. கமாண்டோக்கள் தேடப்பட்ட வீடுகளை நோக்கி நகர்ந்தார்கள். சீக்கியர்கள், மீதிப் பேர் வருவார்கள் என்று மைதானத்துப் பக்கமே இருந்தார்கள். அவர்களின் ரேடியோ இயக்குபவர் ஆரம்பத்திலேயே கொல்லப்பட்டதால், இனி யாரும் வரப்போவதில்லை என்பதைச் சொல்லக்கூட வழியில்லை. மறுநாள் அந்த 30 பேரில் ஒரே ஒரு சிப்பாய்தான் உயிரோடு, புலிகளிடம் கைதியாக. கமாண்டோக்களில் 6 பேர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்க டி-72 டாங்குகள் வந்தன, சாலைகளில் கண்ணிவெடி என்பதால் ரயில் பாதை வழியாக.

டயோரமா கட்டுறவங்க இந்த இடத்தில் ஒரு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தாகணும். பெரும்பாலானவர்கள் எடுப்பது முதல் ஜோடி தரை தொடும் நொடி. ரோட்டர் சுற்றுது, இடப்பக்கக் கதவில் முதல் ஆள் குதிக்கிறான், புல் படுத்துக் கிடக்குது. அழகான காம்போசிஷன். எனக்கு அதில் விருப்பமில்லை, ஏன்னா அந்த நொடியில் எல்லாம் திட்டப்படி நடக்குது. நான் எடுப்பது அதற்குப் பிந்தைய வேளை: ஹெலிகாப்டரே இல்லாத மைதானம், சத்தம் வராதா என்று வடக்கே பார்த்து முப்பது பேர். ஹெலிகாப்டர் டயோரமாவில் ஹெலிகாப்டர் இல்லையான்னு கேட்கலாம். அதைப் பலாலியில் வைக்கலாம், சேதத்தோடு, இறக்கை தொங்க. எம்.ஐ-8 நிற்கும்போது அதன் ஐந்து இறக்கையும் கனத்தில் கீழே வளைந்து தொங்கும். கிட்டில் நேராக வருவதை நீங்கதான் சுடுநீரில் காட்டி வளைக்கணும்.

பொருட்களுக்கு நிலக்கோட்டையில் கஷ்டமே இல்லை. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கொக்குவில் பக்கமெல்லாம் செம்மண் தோட்டப் பூமி. நம்ம பக்கத்துச் செம்மண்ணை ரவைச் சல்லடையில் ரெண்டு தடவை சலித்து, ஃபெவிகால் தண்ணியில் தெளித்தால் தரை ரெடி. அக்டோபர் பருவமழை மாசம், அதனால் கொஞ்சம் கருத்த ஈரம் காட்டலாம். பூ மார்க்கெட்டில் மல்லி கட்டுற வாழைநார் கிடைக்கும். அதை ஊசியால் கிழித்துக் கிழித்து நுணுக்கினால் 1:72-க்குச் சரியான கிடுகு வேலி. பனைக்கும் அதேதான். பனை போடும்போது அளவில் கஞ்சத்தனம் வேண்டாம், 18 மீட்டர்ப் பனை பலகையில் 25 செ.மீ., ஹெலிகாப்டரின் உயரத்தைப் போல மூணு மடங்கு.

வேலி எதுக்குன்னா, பலகையின் ஓரத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்குது. மைதானத்தைச் சுற்றி என்ன இருந்தது? ஊர் இருந்தது. சர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-ல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் 1974-ல் பல்கலைக்கழகம் வந்தது. வீடுகளுக்கு நடுவே வளர்ந்த படிப்பிடம். பக்கத்தில் கொக்குவிலில் பிரம்படி ஒழுங்கை. ஒழுங்கைன்னா அவங்க ஊரில் சந்து. அந்த இரண்டு நாட்களில் அங்கே பொதுமக்கள் பலர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. இந்திய ராணுவ நூல்களில் அந்த இரவின் பெயர் ஹெலிட்ராப், கொக்குவிலில் அதே இரவின் பெயர் பிரம்படி. அந்த மாதம் அதோடு முடியவும் இல்லை. நிலா கணக்குக்கு நான் எடுத்த அதே தீபாவளி நாளில் இந்தியப் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தது. டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் யாரென்று பார்த்தால், அதே பல்கலைக்கழக ஆசிரியர்கள். ராஜினி திராணகம அங்கே உடற்கூற்றியல் துறைத் தலைவர். மூன்று சக ஆசிரியர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யை எழுதினார். இந்தியப் படையையும் விடவில்லை, புலிகளையும் விடவில்லை. 1989 செப்டம்பர் 21-ல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் செய்தார்கள் என்பது பரவலான குற்றச்சாட்டு.

1:72-ல் அந்த ஒழுங்கை பலகையில் வராது. மைதானமே டேபிளை நிரப்பிவிட்டது, மற்றதெல்லாம் அறைச் சுவருக்கு அப்பால். ஸ்கேலை மாற்றினால்? கப்பல் மாடல்காரர்கள் பயன்படுத்தும் 1:700-ஐ எடுங்க. அதே பலகையில் இப்ப ஒரு கிலோமீட்டர் ஊர் அடங்கும். மைதானம் ஒரு தபால் அட்டை அளவுக்குச் சுருங்கும். ரோட்டர் 3 செ.மீ., ஐந்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிசு. வீடுகள் ஒன்றரை செ.மீ. கட்டைகளாக நூற்றுக்கணக்கில் வரும், ஒழுங்கைகள் வரும், ரயில் பாதையும் வரும். மனுஷன் மட்டும் தெரிய மாட்டான், இரண்டரை மில்லிமீட்டர். மறுபக்கம் 1:35-க்குப் போனால் ஒரு சிப்பாயின் முகம் வரைக்கும் செதுக்கலாம், ஹெலிகாப்டர் மட்டுமே 60 செ.மீ. ஆகிவிடும், ஊர் காணாமல் போகும். எந்த ஸ்கேல் என்று கடைக்காரர் கேட்கும்போது, யாரைக் காட்டப் போறோம், யாரை விடப் போறோம்னு அங்கேயே முடிவாகிடுது. நான் ரெண்டு பலகை செய்யலாம்னு இருக்கேன், 1:72-ல் மைதானம், அதற்கு அடியில் கண்ணாடி போட்டு 1:700-ல் ஊர்.

இந்தக் காட்சி ஏன் யார் ஷெல்ஃபிலும் இல்லை என்பதற்கு என் யூகம் இது. இந்தியாவுக்கு அது வெற்றி இல்லை. சுமார் 1,200 வீரர்களை இழந்து 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை திரும்பியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அந்தப் படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், தமிழர், 1987 நவம்பரில் புலிகளோடு நடந்த சண்டையில் இறந்தார். யாருக்குக் கைதட்டணும், யாருக்குத் தலை குனியணும்னு தெரியாத கதையை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டாங்க. மொகாதிஷுவைக் கட்டுவது சுலபம், அங்கே நமக்கு யாரும் சொந்தக்காரங்க இல்லை.

இங்கே அப்படி இல்லை. நிலக்கோட்டையிலிருந்து கிளம்பி திண்டுக்கல்லைத் தாண்டினால் தோட்டனூத்து. இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்காகக் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் அங்கே திறக்கப்பட்டன. அதுவரை பல வருஷம் தகரமும் ஓட்டையும்தான். அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது 2021-ல். ஹெலிகாப்டர் சத்தத்துக்கு இன்னும் வேறு அர்த்தம் இருக்கிற வயதானவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கக்கூடும் என்பதை ஞாபகம் வைத்துத்தான் ரோட்டரில் மோட்டார் பொருத்துகிற யோசனையை விட்டேன். சத்தம் வேண்டாம், எல்.இ.டி. டிரேசர் குண்டும் வேண்டாம்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. டயோரமா முன்னால் பித்தளையில் ஒன்று ஒட்டுவது வழக்கம். ஆபரேஷன் பெயரைப் போட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அதனால் இடமும் தேதியும் மட்டும்: ‘திருநெல்வேலி – கொக்குவில், யாழ்ப்பாணம், 1987 அக்டோபர் 11–12’. திருநெல்வேலின்னு பார்த்ததும் நம்ம ஊர்க்காரங்க நெல்லைன்னு நினைச்சுக் குழம்புவாங்க. குழம்பட்டும், கேட்பாங்க, அப்ப சொல்லலாம். எம்.ஐ-8-க்கு எந்தப் பச்சை, எந்த பிரைமர்னு கேட்டவங்களுக்கு அடுத்த எபிசோடுல பதில்.